எதிரணிக் கேலரியில் இரண்டு சீட்

என் கணவர் எழுதும் சுற்றறிக்கையை நான் முப்பது தடவையாவது படித்திருப்பேன். வெளிநாட்டில் ஆட்டம் என்று அறிவிப்பு வந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துத் தரச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். லிஃப்ட் கம்பெனி ஒன்றின் உதிரிபாகக் கிடங்குக்கு அவர் பொறுப்பாளர். எந்தத் திருகாணி எந்த அலமாரியில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தப் புத்தியை அப்படியே கொண்டுபோய் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர் மன்றத்திலும் வைத்துவிட்டார். மன்றத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சுற்றறிக்கை’ என்றால்தான் தெரியும்.

பாஸ்போர்ட்டின் நகலைப் பாஸ்போர்ட் இல்லாத பையில் வையுங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ஊருக்குள் நம் பச்சை ஜெர்சி தெரிய நடக்காதீர்கள், மைதானத்துக்குள் போன பிறகு போட்டுக்கொள்ளலாம். பெரிய பையை வாசலில் விட மாட்டார்கள். ‘நன்றி’, ‘மன்னிக்கவும்’, ‘ஸ்டேஷன் எங்கே’ இந்த மூன்றையாவது அந்த ஊர் மொழியில் பழகிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் கலைந்து போகும்வரை போலீஸ் நம்மை உள்ளேயே நிறுத்திவைக்கும், ஒரு மணி நேரம்கூட ஆகும், ஆகவே கழிவறை வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள். இப்படி இரண்டு பக்கம் போகும். நான் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் இத்தனை வருஷத்தில் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஒருவரைக்கூட அவர் தொலைத்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வரிகளை மட்டும் தடித்த எழுத்தில் போடுவார். ஒன்று, எதிரணிக் கேலரியில் உட்காராதீர்கள், சொந்தக்காரரே டிக்கெட் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இன்னொன்று, தொலைக்காட்சிக்காரர்கள் ஆட்டத்தின் தேதியை மாற்றுவார்கள், கடைசித் தேதி உறுதியாகும்வரை எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். இந்த இரண்டாவது வரி மூன்று வருஷமாகத்தான் இருக்கிறது. எங்கள் மகளின் கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது.

அது பதிவுக் கல்யாணம். எங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் நான்கு மாதம் முன்பே தேதி வாங்கியிருந்தாள். ஆட்டங்களின் பட்டியலைப் பார்த்துத் தேதி சொன்னவரே அவள் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டில் ஆட்டம், சனிக்கிழமை கல்யாணம், சாயங்காலம் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். மூன்று வாரம் முன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அலுவலகத்தில் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான் என்றார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. நாற்பது பேர் என்னை நம்பித்தான் டிக்கெட் போட்டிருக்கிறார்கள், பாதிப் பேருக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம், நான் என்ன செய்ய என்று சொல்லிவிட்டு இவர் போய்விட்டார். திரும்பி வந்தபோது மகள் புருஷனோடு அவர் வேலை பார்க்கும் நாட்டுக்கே கிளம்பிவிட்டிருந்தாள்.

அன்று முதல் அவள் அவரோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மட்டும் போன் செய்வாள். அந்த நேரம் பார்த்து இவர் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். கதவைச் சாத்தாமல் அரை மணி நேரம் ஊற்றுவார். அப்படி ஊற்றினால் எந்தச் செடி பிழைக்கும்? மூன்று வருஷத்தில் பதினோரு செடிகள் அழுகிப் போயின.

இந்த வருஷம் யார் யாரோடு மோதுவது என்ற குலுக்கலில் எங்கள் அணிக்கு விழுந்தது மகள் இருக்கும் ஊர். குலுக்கலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு நான் மகளிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். அவள் சொன்னாள், “அவர் வரணும்னா என் பக்கத்துல வந்து உக்காரட்டும்மா. அந்த நாப்பது பேரோட வந்து தூரத்துல இருந்து கை காட்டிட்டுப் போறதா இருந்தா வேண்டாம்.” அவளும் மாப்பிள்ளையும் உட்காருவது உள்ளூர் அணியின் கேலரி. அதே வரிசையில் எங்கள் இருவர் பெயரிலும் இரண்டு டிக்கெட் வாங்கி அனுப்பினாள். வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஆட்டம் ஒழுங்காக முடிந்தால்தான் அந்த வார்த்தை வரும், கோணல்மாணலாக ஏதாவது ஆனால் இனி எப்போதும் வராது என்று எனக்குப் புரிந்தது.

இவர் இரண்டு நாள் தன் சுற்றறிக்கையையே எடுத்து எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, சாம்பல் நிறத்தில் சட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

நான் ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறவள். யாரோ வாங்காமல் விட்டுப்போன சட்டை ஒன்று இருந்தது. தோளைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர் காலருக்கு உள்ளே ஓடிய தையலில் பச்சை இருக்கிறது என்றார். கண்ணாடி போட்டுத் தேடினால் மட்டுமே தெரிகிற பச்சை. அதையும் பிரித்தேன். காலுறை, கைக்குட்டை, குடை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துச் சோதித்தார். உளவு பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான் என்றேன். சிரிக்கவில்லை.

மன்றத்துப் பயண ஃபைலைப் பேக்கரிக்காரரிடம் ஒப்படைத்தார். அவர்தான் மன்றத்தில் இவருக்கு அடுத்த ஆள். மாவு படிந்த கையோடு ஃபைலை வாங்கி ரொட்டித் தட்டுகளுக்கு மேலே வைத்துவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். விமான நிலையத்தில் மற்றவர்கள் சும்மா விடவில்லை. சுற்றறிக்கை கட்சி மாறிவிட்டார் என்று கூடிக் கேலி செய்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே எல்லோர் பாஸ்போர்ட்டையும் ஒரு தடவை சரிபார்த்தார்.

மகள் ஊரில் மாப்பிள்ளை வந்து எங்களை அழைத்துப் போனார். டிராம் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். மாமா, அத்தை என்று இரண்டு பையையும் பிடுங்கிக்கொண்டார். மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். கடையிலிருந்து நேராக மைதான வாசலுக்கு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்து ‘வாங்க’ என்றாள். கடைக்கு வருகிறவர்களிடமும் அதே குரலில்தான் சொல்லுவாள் என்று தோன்றியது. இவர் தலையை ஆட்டினார்.

உள்ளே எங்கு பார்த்தாலும் சிவப்பு. மாப்பிள்ளை தன் அப்பாவின் சிவப்பு ஸ்கார்ஃப் ஒன்றை எடுத்து, சும்மா மடியில் வைத்துக்கொள்ளுங்கள் மாமா, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கொடுத்தார். இவர் அதை முன்பின் தெரியாத வீட்டுக் குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து உட்காரட்டும் என்று சொன்ன மகள் உட்காரும்போது என்னை நடுவில் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை, மகள், நான், ஓரத்தில் அவர்.

மைதானத்தின் எதிர் மூலையில் கம்பி வலைக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர்கள் பச்சையாகக் குவிந்திருந்தார்கள். பாட்டுச் சத்தம் எட்டியது. இருபதாவது நிமிஷத்தில் உள்ளூர் அணி கோல் போட்டது. கேலரியே எழுந்து குதித்தது. என் மகளும் எழுந்து புருஷனைக் கட்டிக்கொண்டு கத்தினாள். ஐந்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பச்சைக் கொடி ஆட்டிய பெண். இவர் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். எதிர் மூலையைப் பார்த்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை மகளும் பார்த்துவிட்டாள். “இங்க வந்தும் அவங்களத்தான் எண்ணிட்டிருக்கார்” என்று என் காதில் சொன்னாள். அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். எண்ணுவதை நிறுத்தினார்.

இடைவேளையில் அவரே போய் நான்கு டீ வாங்கி வந்தார். மகளுடையதில் இரண்டு சர்க்கரை போட்டிருந்தார், அவள் சின்ன வயதில் குடித்தபடி. அவள் சர்க்கரையை விட்டு வருஷக்கணக்காகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வாய் குடித்ததும் முகம் சுருங்கியது. ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தாள். அதைப் பார்த்து நான் கொஞ்சம் நம்பிக்கை வைத்தேன்.

எழுபதாவது நிமிஷம் இருக்கும். எங்கள் ஆள் ஒருவன் வலது ஓரத்திலிருந்து பந்தை உயர்த்தி அனுப்பினான். இன்னொருவன் பாய்ந்து தலையால் முட்டினான். வலை ஆடியது. நான் உடனே இவர் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். இத்தனை வருஷம் வீட்டில் எத்தனை டீபாயை உதைத்தவர், இங்கே எழுந்தால் என்ன ஆவது? ஆனால் இவர் அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண்ணில் மட்டும் நீர். “கோல்!” என்று சத்தம் கேட்டது என் மறுபக்கம். என் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

அத்தனை பெரிய கேலரி வாயடைத்துக் கிடந்த நேரத்தில் அவள் ஒருத்தி குரல். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவன் எங்கள் பக்கம் கை நீட்டினான். படிகளில் இரண்டு காவலாளிகள் இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. இந்த இரண்டு சீசன் சீட்டுக்காக அவர் நான்கு வருஷம் வரிசையில் காத்திருந்தவர். உள்ளூர்க் கேலரியில் எதிரணிக்குக் கை தட்டினால் சீசன் டிக்கெட் ரத்து என்று டிக்கெட்டின் பின்னாலேயே அச்சடித்திருக்கிறது.

காவலாளி எங்கள் நான்கு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். இவர் எழுந்தார். ஸ்கார்ஃபை மடித்துச் சீட்டில் வைத்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பின்னாலிருந்த ஒருத்தி, அது பெண் குரல் என்று ஏதோ சொல்லியிருக்க வேண்டும், காவலாளி என் மகள் பக்கம் திரும்பினான். அவ்வளவுதான், இவர் தொண்டை கிழிய “கோல்!” என்று ஒரு கத்துக் கத்தினார். நடுவர் ஆட்டத்தை மறுபடி தொடங்கி ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. காவலாளி மகளைக் காட்டி, இவர்கள் உங்களோடு வந்தவர்களா என்று கையாலேயே கேட்டான். இவர் அவளை ஒரு தடவை பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால் யார் உடைத்தது என்று விசாரணை வைக்கிற மனிதர். வாழ்நாளில் ஒரு வரிசையைத் தாண்டிப் போகாதவர். ஆயிரம் பேர் ஏச, படியேறிப் போனார். முப்பத்தோரு வருஷப் பழக்கம், நானும் பின்னால் போனேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் அப்போது சொல்லவில்லை.

இரும்புக் கதவு எங்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. வெளியே ஒரு குறுகலான பாதை, ஷட்டர் இறக்கிய கடை ஒன்று, வரிசையாகப் போலீஸ் வண்டிகள், இடுப்புயரச் சுவர். சுவரில் உட்கார்ந்துகொண்டு, ஆட்கள் நல்ல பயிற்சி பெற்றவர்கள், இரண்டே நிமிஷத்தில் வெளியே கொண்டு வந்துவிட்டார்கள் என்று இவர் பாராட்டினார். நான் சிரித்தேன். உள்ளே முரசு அடித்துக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. மகள் வந்தாள். மாப்பிள்ளையை உள்ளேயே விட்டுவிட்டாளாம். இவர் பதறி எழுந்தார். வெளியே வந்தால் திரும்ப விட மாட்டார்கள், டிக்கெட் வீண் என்று ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை.

“கல்யாணத்துக்கு ஏன் வரல?” என்றாள்.

இவர் வழக்கமான கதையை எடுத்தார். தொலைக்காட்சிக்காரர்கள், மூன்று வாரம், நாற்பது பேர்.

“அது எனக்குத் தெரியும். நான் அதக் கேக்கல.”

இவர் சுவரில் மறுபடி உட்கார்ந்தார். சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். உள்ளே ஒரு பெரிய இரைச்சல் எழுந்து அடங்கியது. அது கோலா இல்லையா என்றுகூட இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“பேக்கரிக்காரர் கிடங்குக்கே வந்தார்” என்றார். “நான் எல்லாரையும் பத்திரமா கூட்டிட்டுப் போறேன், நீங்க பொண்ணுகூட இருங்கன்னு சொன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?”

“அந்தப் பதிவு நோட்டுல பொண்ணோட அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடணும்ல. நீ அவ்வளவு தூரம் போறதுக்கு நானே கையெழுத்துப் போடணுமான்னு இருந்துச்சு. ஆட்டத் தேதி மாறினதும் எனக்கு நிம்மதியாயிடுச்சும்மா. அதான் நெஜம்.”

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இடம் இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்றாள். சொல்லியிருக்கலாம் என்று அவரும் சொன்னார். அவள் கைக்குட்டையைத் தேடினாள், அவர் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம், அடிவயிற்றிலிருந்து. அந்த நோட்டில் அவர் இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த அறையில் ஒற்றை ஆளாக நின்று, பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னவள் நான். மூன்று வருஷமாகத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு நான் கொடுத்த சாபம் கொஞ்சமா? விளையாட்டுச் சேனல் வேண்டுமா என்று போன் செய்த எந்த ஊர்ப் பெண்ணோ, அவளை நான் அழ வைத்திருக்கிறேன். பேக்கரிக்காரர் கடையில் வாரம் மூன்று நாள் ரொட்டி வாங்குகிறேன், அவரும் வாயைத் திறக்கவில்லை.

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?” என்றேன். “அவ தூரமா போறான்னு உங்களுக்கு மட்டும்தான் வலிச்சுதா? நான் என்ன சிரிச்சுக்கிட்டா கையெழுத்துப் போட்டேன்?”

இவர் எழுந்து என்னவோ சொல்ல வந்தார். நான் கேட்க நிற்கவில்லை. போலீஸ் வண்டிகளைத் தாண்டிப் பாதையின் கோடிக்கு நடந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஊர் மொழியில் ஸ்டேஷன் எங்கே என்று கேட்கத் தெரியும், ஆனால் பதில் சொன்னால் புரியாது.

மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். இந்த மூன்று வருஷமும் ஒவ்வொரு ஞாயிறும் அவருக்காக அவளிடம் நான் கெஞ்சியிருக்கிறேன், விடம்மா, அவர் குணம் அப்படி என்று. இப்போது அவள் என்னிடம் சொன்னாள், “விடும்மா. அப்பா பயந்துட்டார், அவ்வளவுதான்.”

“நீ அவருக்கு வக்காலத்து வாங்காத.”

“வாங்கல. வீட்டுக்குப் போய் நல்லா திட்டு. நானும் கூட சேந்துக்கறேன். இங்க குளிருதும்மா.” அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு திரும்பி, “வாங்கப்பா, நீங்களே வந்து பேசுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா” என்று கூப்பிட்டாள்.

இவர் வந்தார். பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். கிட்டே வர தைரியம் இல்லை. மகள் அவரிடம் போய், என்னிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்று காதோடு காதாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அவர் நடுவில் ஏதோ சந்தேகம் கேட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி விளக்கினாள். எனக்கு எல்லாம் கேட்டது. என் கோபம் குறையவில்லை, அன்றைக்குக் குறைவதாகவும் இல்லை. ஆனாலும் நான் திரும்பினால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். அதனால் சுவரைப் பார்த்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.